கல்வேட்டும் கல்வெட்டும்

குழாய்க்குள் தலையை விட்டுப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். அம்மா இதை வெளியில் சொல்லமாட்டார். கலியாணம் பேசி வருகிறவர்களிடம் "பிள்ளைக்குக் கவுண்மேந்துக் கந்தோரில வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் தாய் விடாமல் துருவித் துருவிக் கேட்டார். அம்மா திணறிப்போய், "வெள்ளத்தைப் பார்க்கிற வேலை" என்று சொல்லிவிட்டார். அந்தச் சம்பந்தம் அதோடு வடிந்து போனது.

தீவுப்பகுதிக்கு என்னை மாற்றியபோது கந்தோரில் எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். எனக்கோ உள்ளுக்குள் சந்தோசம். காலையில் ஸ்கூட்டியில் பண்ணைப் பாலம் ஏறி மண்டைதீவுச் சந்தியைத் தாண்டிவிட்டால், மேலதிகாரிகளின் தொலைபேசி காற்றில் பாதி கேட்கும், பாதி கேட்காது. எந்தப் பாதி கேட்கவில்லை என்பதை நானே தீர்மானித்துக்கொள்ளலாம்.

தீவில் வெள்ளத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. நாலு பக்கமும் கடல் இருந்தும் அங்கே போக அதற்கு மனம் வராது. நிலம் அவ்வளவு மட்டம். ஒரு விரலளவு சரிவு இருந்தால் போகும். இல்லாவிட்டால் தை பிறந்த பிறகும் யாராவது ஒருவரின் குசினி வாசலில் அடுப்பைப் பார்த்தபடி குந்திக்கொண்டிருக்கும். அதை வழியனுப்பி வைக்கத்தான் ஊருக்குள் ஓடும் சின்ன ஒழுங்கைகளுக்குக் கீழே பழைய கொங்கிறீற்றுக் குழாய்கள் கிடக்கின்றன. யார் மண்ணுக்குள் தாட்டது, எப்போது தாட்டது, எங்கிருந்து எங்கே போகிறது என்று எந்தக் கோப்பிலும் இல்லை. சனத்தோடு கோப்புகளும் இடம்பெயர்ந்தன. சனம் கொஞ்சமாவது திரும்பி வந்தது, கோப்புகள் வரவில்லை.

ஆகவே ஒவ்வொரு புரட்டாதியும், மாரி தொடங்க முதல், ஒரு கட்டுப் படிவத்தோடு நான் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிவேன். படிவத்தில் கேட்பது அதிகமில்லை. ஒழுங்கைக்குக் கீழே மதகு உண்டா, இல்லையா? உண்டென்றால் நல்லதா, பரவாயில்லையா, மோசமா?

என்னோடு வரும் தொழிலாளி அண்ணைக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. குத்திப் பார்க்க இரும்பு அலவாங்கு, மண்வெட்டி, நீளமான ஒரு பிளாஸ்ரிக் தடி எல்லாவற்றையும் பழைய சைக்கிளில் கட்டிக்கொண்டு எனக்கு முதலே வந்து நிற்பார். அவரிடம் ஒரே ஒரு குறை. எந்தக் குழாயையும் மோசம் என்று எழுத விடமாட்டார். பாதிக் குழாய்களை இளம் வயதில் அவரே தாட்டவராம், மிச்சப் பாதியைத் தாட்டவர்களைத் தெரியுமாம். ஒருநாள், இரண்டாகப் பிளந்து உள்ளே வேர் தொங்கிக்கொண்டிருந்த ஒரு குழாயைக் காட்டி, "இதுக்கு என்ன சொல்லுறியள்?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். நாடியைத் தடவினார்.

"களைச்சிருக்குது, மிஸ்" என்றார்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நான் சொல்ல வந்தது ஊர்காவற்றுறைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றின் கதை. அந்த ஒழுங்கையை ஒரு முழம் உயர்த்திக் கொங்கிறீற்றுப் போடப் போகிறார்கள். சந்தியில் சல்லிக்கல் கும்பி கும்பியாகக் கிடந்தது. மறுநாள் மெசின் வருகிறது. கீழே குழாய் ஏதும் இருந்தால் என் படிவத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சிமெந்துக்குக் கீழே சமாதி. எனக்கிருந்தது அந்த ஒரு பகல்தான்.

கடைசி வீட்டுப் படலைக்கு வரும்போது பத்து மணி, நல்ல வெயில், எனக்கு நல்ல பசி. பசி வந்தால் எனக்குக் கோபமும் வரும், குரலும் உயரும். படலையில் நின்றபடி கத்தினேன்.

"அக்கா! கல்வேட்டுப் பார்க்க வந்தனாங்கள்!"

இங்கே என் பிழையை ஒத்துக்கொள்ள வேண்டும். படிவத்தில் மதகு என்றுதான் இருக்கும். ஊரும் மதகு என்றுதான் சொல்லும். கந்தோர்க்காரருக்கு மட்டும் அது கல்வேட்டு. வெள்ளைக்காரன் விட்டுப்போன 'கல்வர்ட்' என்ற சொல்லைக் கடித்து மென்று நாங்கள் செய்துகொண்டது. அண்ணை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், "மிஸ், சனத்திட்டை மதகு எண்டு சொல்லுங்கோ" என்று. நான் கேட்டால்தானே!

ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வெளியே வந்தார். எங்களைக் கண்டதும் முகம் இளகிவிட்டது.

"உள்ளுக்கு வாங்கோ பிள்ளை. வெயிலுக்கை நிக்காதேங்கோ. அண்ணை, நீங்களும் வாங்கோ."

வருடம் முழுக்கப் படலையில் நாயைத்தான் சந்தித்துப் பழகிய எனக்கு இந்த உபசாரம் புதிது. கதிரையை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது, பனங்கட்டித் துண்டோடு. வெள்ள வாய்க்காலில் இவ்வளவு அக்கறையுள்ள பெண்மணியை நான் கண்டதில்லை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அவர் அலுமாரியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து, தூசில்லாத அட்டையைத் துடைத்து, இரண்டு கையாலும் தந்தார்.

அட்டையில் ஒரு மனிதரின் படம். நெற்றி நிறையத் திருநீறு. சிரிப்பை அடக்கிக்கொண்டு படம் எடுத்தவர் போன்ற முகம். அண்ணை தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்பது வழக்கம். தேவாரம், செத்தவரின் சரித்திரம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எல்லாம் அதில் இருக்கும். அதற்குப் பெயர் கல்வெட்டு.

"போன ஆவணியிலதான் ஒரு வருசமாகி ஆட்டத்திவசம் முடிஞ்சது" என்றார் அக்கா. "இனி ஆரும் கேட்டு வராயினம் எண்டு நினைச்சனான். நீங்கள் பள்ளிக்கூடத்தில அவரிட்டைப் படிச்ச பிள்ளையோ?"

நான் கோபக்காரிதான், ஆனால் இந்த இடத்தில் "இல்லை அக்கா, நான் சாக்கடை பார்க்க வந்தனான்" என்று சொல்லும் அளவுக்குக் கல்நெஞ்சுக்காரி இல்லை. மெல்லத் தலையை ஆட்டி வைத்து, புத்தகத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினேன். அண்ணை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, பக்கத்துக்குப் பக்கம் "ச்சு, ச்சு" கொட்டினார். நாலாம் பக்கத்தில் ஒரு வெண்பா. ஊர்ப் புலவர் யாரோ கட்டியது. அதன் கடைசி இரண்டு அடியும் இன்றைக்கும் எனக்குப் பாடம்:

வெள்ளம் கடலேக வீதியின்கீழ் நற்குழாய்
உள்ளம் உவந்திட்டான் ஊர்க்கு.

தலையை நிமிர்த்தினேன். "அக்கா, இது என்ன குழாய்?"

அக்காவின் முகம் சட்டென்று மாறிவிட்டது. "நீங்களும் சிரிக்கவோ வந்தனீங்கள்?"

வேறு வழியில்லை. நான் யார், எதற்கு வந்தேன், என் வாயில் எந்தச் சொல் எப்படிப் பிசகியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டப்போகிறார் என்று பார்த்தால், அவர் எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப உங்களுக்கு அது கட்டாயம் தெரிய வேணும்" என்றார்.

விசயம் இதுதான். அவருடைய கணவர் ஒரு பெரிய புளுகர். அக்காவே அப்படித்தான் சொன்னார். தோணி கவிழ்ந்து நெடுந்தீவிலிருந்து நீந்தி வந்தவர், வெறுங்கையால் திருக்கை பிடித்தவர், ஒரே நாளில் மூன்று கிணறு கிண்டியவர். ஒழுங்கை சிரித்துக்கொண்டு கேட்கும். ஆனால் ஒரு கதையை மட்டும் அவர் ஒருநாளும் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை. சண்டை நாளில் தீவுச் சனம் முழுக்க வெளியேறியிருந்ததல்லவா? திரும்பி வரலாம் என்றதும் அக்காவையும் பிள்ளைகளையும் உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு முதல் ஆளாக வந்தவர் இவர். வெறும் ஒழுங்கை. அந்த நேரம், எங்கோ கேட்பாரற்றுக் கிடந்த ஆறு குழாய்களைத் தனி ஆளாக உருட்டிக்கொண்டு வந்து, ஒழுங்கைக்குக் குறுக்கே தாட்டாராம். சாட்சிக்குக் காகம் கூட இல்லை.

"எங்கை தாட்டனீங்கள், காட்டுங்கோ எண்டால், 'கிண்டினால் கெட்டுப்போகும்' எண்டுவார்" என்றார் அக்கா. "முப்பத்தொண்டில இந்தப் பாட்டை வாசிச்சுப்போட்டுச் சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சது. பந்தியில இருந்து சிரிச்சது, பிள்ளை. செத்த வீட்டுச் சோத்துக்கு முன்னாலை."

என் மடியில் இருந்த படிவத்தை விரலால் தொட்டார்.

"உதில இல்லையெண்டு எழுதினியள் எண்டால், கவுண்மேந்தே அவரைப் பொய்யன் எண்டு எழுதிக் குடுத்த மாதிரி. நாளைக்குச் சிமெந்தும் போட்டிடுவினம். பிறகு ஆர் கிண்டிப் பாக்கிறது?"

பசி எங்கே போனதென்று தெரியவில்லை. "அண்ணை, அலவாங்கை எடுங்கோ" என்றேன்.

தேடத் தொடங்கினோம். தீவில் அலவாங்கால் குழாய் தேடுவது லேசான காரியமில்லை. ஒரு முழம் இறக்கினால் எங்கே பார்த்தாலும் முருகைக்கல். கடல் விட்டுப்போன கல். குத்துகிற இடமெல்லாம் "டொக்" என்னும். ஒவ்வொரு டொக்குக்கும் அக்கா ஓடி வருவார், ஒவ்வொரு முறையும் அண்ணை தலையை ஆட்டுவார். ஒழுங்கை நெடுகப் பதினைந்து இருபது இடத்தில் குத்திவிட்டோம். எல்லாம் கல்.

சத்தத்துக்கு எதிர்வீட்டு ஐயா படலையில் வந்து நின்றார். ஓய்வுபெற்ற தபாலதிபர், கையில் அன்றைய பேப்பர். மேலிருந்து கீழ் எங்களை ஒருமுறை பார்த்தார்.

"என்ன, வெண்பாவிலை வந்த குழாயைத் தேடுறியளோ?"

"ஓம் ஐயா."

"பிள்ளை, நான் சொல்லுறன் எண்டு கோவியாதேயும். அந்த மனிசன் சொல்லுறதில பாதியைத் தள்ளிப்போட்டு, மிச்சத்திலையும் பாதியைத்தான் நம்ப வேணும். அருமையான மனிசன். ஆனால் குழாய் கிடையாது."

அக்கா சட்டென்று திரும்பித் தன் வீட்டு வளவுக்குள் போய்விட்டார். எனக்கு அந்த ஐயாவின் பேப்பரைப் பறித்துக் கிழிக்கலாமா என்றிருந்தது. அரச உத்தியோகத்தர் என்பதால் அடக்கிக்கொண்டு அக்காவின் பின்னால் போனேன்.

வீட்டுக்குப் பக்கத்தில், ஒழுங்கையோரமாக ஒரு வாழைக்கூட்டம். அந்த வெயில் காய்ச்சலிலும் பச்சைப்பசேலென்று நின்றது. அக்கா அதன் கீழே நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், "வாழை நல்லா நிக்குது அக்கா" என்றேன்.

"நிக்காதே? ஊத்துக்கு மேலையெல்லோ நிக்குது."

"என்ன ஊத்து?"

"மாரிக்கு இதிலைதான் ஊத்து வாறது. மழை பெஞ்சு ரெண்டாம் நாள், எதிர்ப்பக்கத்து வாய்க்கால் நிரம்பினாப் பிறகு, குபுகுபு எண்டு கிளம்பும். குசினி மட்டும் வரும். எத்தினை மாரி வாளியாலை அள்ளியிருப்பன்! அவர் சொல்லுவார், எல்லா வளவுக்கும் ஊத்து வராது, இது ராசியான வளவு எண்டு. நான் முதல் வருசம் விளக்கும் கொளுத்தி வைச்சனான்."

எனக்கு அந்த ஊற்றில் சந்தேகம் வந்தது. இந்த மட்டமான நிலத்தில், மழைக்கு மட்டும், அதுவும் எதிர்ப்பக்கத்து வாய்க்கால் நிரம்பிய பிறகு மட்டும் கிளம்புகிற ஊற்றா? அண்ணையைக் கூப்பிட்டேன். ஒன்றும் சொல்லாமல் வாழையடியைக் காட்டினேன். அண்ணை என்னைப் பார்த்தார், வாழையைப் பார்த்தார், மண்வெட்டியை ஓங்கினார்.

முழங்கால் ஆழத்தில் ஒரு கொங்கிறீற்றுப் பலகை. நிமிர்த்தி, சாய்த்து, சுற்றிலும் சிமெந்து அப்பி ஒழுங்காக மூடியிருந்தது. சிமெந்து வெடித்து ஓரத்தால் சேறு கசிந்திருந்தது. அண்ணை அலவாங்கை இடுக்கில் கொடுத்து நெம்பினார். பலகை சரிந்தது. அதற்குப் பின்னால், இருட்டாக, வட்டமாக ஒரு வாய்.

"அம்மாளாச்சி!" என்றார் அக்கா.

நான் குழிக்குள் இறங்கி, ரோர்ச்சை அடித்து, வழக்கம்போல் தலையை உள்ளே விட்டேன். பொருத்துகளை எண்ணினேன். ஐந்து பொருத்து, ஆறு குழாய். ஒரு வெடிப்பில்லை. தவளை ஒன்று என்னை நிமிர்ந்து பார்த்தது. இவ்வளவு நேர்த்தியான வேலையை நான் கந்தோர் தாட்ட குழாய்களிலும் கண்டதில்லை. அண்ணை பிளாஸ்ரிக் தடியை உள்ளே விட்டுத் தள்ளத் தள்ள, அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், தபாலதிபர் ஐயாவின் வேலியோரத்து வாய்க்காலுக்குள், அவருடைய செருப்புக்கு ஒரு சாண் தள்ளிச் சேறு கிளம்பித் தடி வெளியே தலை காட்டியது.

"ஐயோ, பாம்பு!" என்று அவர் பேப்பரைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார்.

அண்ணை இந்தப் பக்கத்திலிருந்து தடியை ஆட்டி ஆட்டிக் காட்டினார். ஐயா பேப்பரைப் பொறுக்கியெடுத்து, குனிந்து, குழாயின் வாயையும் தடியையும் நீண்ட நேரம் பார்த்தார்.

பிறகு நான் எது உயரம், எது பள்ளம் என்று இரண்டு முனைக்கும் மட்டம் பிடித்தேன். ஒருமுறை பிடித்தேன். நம்பாமல் மறுமுறை பிடித்தேன். அண்ணை என் காதுக்குள் சொன்னார்: "மிஸ், இது மற்றப் பக்கம் சரிஞ்சிருக்குது."

வளவு வெள்ளம் வாய்க்காலுக்குப் போகத்தான் அவர் குழாய் தாட்டார். ஆனால் வளவுப் பக்கத்து வாய் ஒரு சாண் பள்ளத்தில் இருந்தது. தனி ஆளாக உருட்டித் தாட்ட மனிதருக்கு மட்டம் பிடித்துக் கொடுக்க ஆளில்லை. ஐயா தன் பக்கத்திலிருந்து ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தவளை முதலில் வந்தது. அதற்குப் பின்னால், குபுகுபுவென்று, அக்காவின் ராசியான ஊற்று வந்தது.

ஐயா வெறும் வாளியோடு ஒழுங்கைக்கு வந்து எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப இந்த மனிசனுக்கு இது தெரியாதோ?"

"தெரியாமலோ பலகை வைச்சு அடைச்சவர்?" என்றார் அண்ணை. "முதல் மாரியிலேயே தெரிஞ்சிருக்கும். அடைச்சுப் பாத்திருக்கிறார், சரிவரேல்லை. மேலை வாழையை வைச்சிட்டார். கிண்டிக் காட்டியிருந்தால் குழாயும் தெரியும், கோணலும் தெரியும்."

ஊரெல்லாம் பொய்யன் என்றாலும் பரவாயில்லை, சரிவு பிழைத்தது வெளியே தெரியக்கூடாது! நான் அக்காவைப் பார்க்கப் பயந்தேன். தன் மனிதர் தாட்ட குழாய்தான் தன் குசினிக்கு வெள்ளம் கொண்டு வந்தது என்று ஒரு பெண்ணுக்கு நாங்கள் தோண்டிக் காட்டியிருக்கிறோம்.

அக்கா சிரிக்கத் தொடங்கினார். வாழையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நிற்க ஏலாமல் மண் கும்பியில் இருந்து சிரித்தார். "பாவி மனிசன்! என்ரை கையிலை வாளியைத் தந்து, ஊத்து எண்டு சொல்லி, விளக்கும் கொளுத்த விட்டு…" கண்ணைத் துடைத்தார். "சரி. ஆனால் இருக்குதெல்லோ?"

"இருக்குது அக்கா."

எழுந்து ஒழுங்கைக்குப் போனார். "ஐயா, கேட்டியளோ? இருக்குதாம்."

"ஓம், பிள்ளை" என்றார் அவர். குரல் நன்றாக இறங்கியிருந்தது. "இருக்குது. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

அக்கா அதோடு விட்டாரா? என் ரோர்ச்சை வாங்கி ஐயாவின் கையில் கொடுத்து, குழிக்குள் இறங்கச் சொல்லி, பொருத்துகளை வாய்விட்டு எண்ண வைத்தார். பிறகு வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டி வந்தார். முப்பத்தொன்றுக்கு வந்து சிரித்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று தலையை உள்ளே விட்டார்கள். அன்றைக்கு அந்த ஒழுங்கை முழுக்க என் உத்தியோகத்தைத்தான் பார்த்தது.

நான் ஒப்பந்தகாரரோடு தொலைபேசியில் சண்டை பிடித்து இரண்டு நாள் அவகாசம் வாங்கினேன். குழாயைக் கிளப்பி, சரிவைத் திருப்பித் தாட்ட அது போதும். படிவத்தை எடுத்து "உண்டு" என்ற இடத்தில் அழுத்திச் சரி போட்டேன். அடுத்த கேள்வியில் பேனை நின்றுவிட்டது.

"என்ன எழுத, அண்ணை?"

"குழாய் நல்லது, மிஸ்" என்றார் அண்ணை. "சரிவுதான் மோசம்." அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்டேன்.

எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டியபிறகுதான் அளவுநாடாவைக் காணவில்லை என்று தெரிந்தது. திரும்ப வளவுக்குள் போனேன். சனம் போய்விட்டது. அக்கா தனியே குழிக்குப் பக்கத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழும்பவில்லை.

"ஒரு விசயம் சொல்லட்டே, பிள்ளை? நானும் நம்பேல்லை."

நான் அளவுநாடாவைத் தேடுவதை விட்டேன்.

"ஒவ்வொரு மாரிக்கும் சொல்லுவார். நானும் ஊர்ச்சனத்தோட சேந்து சிரிப்பன். ஆசுப்பத்திரியில கிடக்கேக்கை, கல்வெட்டிலை குழாயைப் பற்றி ஒரு வரி போடுவியோ எண்டு கேட்டவர். சாகப்போற மனிசன், கேட்டதைக் குடுப்பம் எண்டு ஓம் எண்டனான். அப்பவும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் ஓம் எண்டனான். அது அவருக்குத் தெரியும்."

எனக்கு "பரவாயில்லை அக்கா" என்று சொல்ல வந்தது. அது படிவத்தில் இருக்கிற சொல், இங்கே உதவாது. அக்கா குழிக்குள் இறங்கினார். குழாயின் வாயில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் வழித்துவிட்டார். பிறகு தலையை உள்ளே விட்டு, பின் வளவில் நிற்கிற கணவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னார்:

"இஞ்சாருங்கோ, கண்டிட்டன்."